‘ஆவணங்களை ஒப்படைக்கவும்’ என்று காவல் நிலையத்திலிருந்து நோட்டீஸ் வந்தால்: 94ஆம் பிரிவு முழு வழிகாட்டி

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர், மருந்துக்கடைக்காரர், லாட்ஜ் மேனேஜர், பள்ளி அலுவலகக் கண்காணிப்பாளர். காவல்துறையின் ஆவண நோட்டீஸ் இவர்களைப் போல வழக்கோடு நேரடித் தொடர்பே இல்லாதவர்களுக்கும் வரும். கையில் வாங்கியதும் சிலர் பயந்துபோய் பீரோவையே திறந்து காட்டிவிடுகிறார்கள். வேறு சிலர் ‘நமக்கென்ன’ என்று மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தொல்லையில் முடியும். கேட்டதை, கேட்ட அளவுக்கு, எழுத்து மூலமாக, ரசீதோடு கொடுப்பதுதான் சரியான வழி.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) வந்துவிட்டது. பழைய 91ஆம் பிரிவுதான் இப்போது 94ஆம் பிரிவு. ஒரு புலன் விசாரணைக்கோ நீதிமன்ற விசாரணைக்கோ ஓர் ஆவணம் தேவை என்று கருதினால், நீதிமன்றம் சம்மன் அனுப்பலாம். காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துப்பூர்வமான உத்தரவு தரலாம். மின்னணுத் தகவல்களும், டிஜிட்டல் சாட்சியம் இருக்கக்கூடிய தகவல் தொடர்புக் கருவிகளும் இப்போது பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டுள்ளன. உத்தரவைக் காகிதத்திலும் தரலாம், மின்னணு வடிவிலும் தரலாம்.

முதல் படி: எந்தப் பிரிவில் வந்திருக்கிறது என்று பாருங்கள்

எல்லாவற்றையும் பொதுவாக ‘சம்மன்’ என்றுதான் சொல்கிறோம். ஆனால் நோட்டீஸில் உள்ள பிரிவு எண்ணைப் பொறுத்தே உங்கள் நிலை என்ன என்பது தெரியும்.

94 என்றால் ஆவணத்தையோ பொருளையோ கொண்டுவரச் சொல்கிறார்கள். 179 என்றால் சாட்சியாக உங்களை நேரில் அழைக்கிறார்கள். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை 179இன் கீழ் காவல் நிலையத்துக்கு வரும்படி கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அவர்களே விரும்பினால் நிலையத்துக்குப் போகலாம். 106 என்றால் பொருளைக் கைப்பற்றும் அதிகாரம். வங்கிக் கணக்கை முடக்கவும் பயன்படுவது இதுதான். 96 நீதிமன்றத்தின் தேடுதல் வாரண்ட்.

மிகவும் கவனிக்க வேண்டியது 35(3). அது இருந்தால் குற்றம் செய்திருக்கலாம் என்ற சந்தேகத்தில் உங்களையே அழைக்கிறார்கள் என்று பொருள். ஒரே நோட்டீஸில் 94ஐயும் 35(3)ஐயும் சேர்த்து எழுதியிருந்தால் எதையும் கொடுக்கும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவரையே தனக்கு எதிரான ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்ல இந்தப் பிரிவைப் பயன்படுத்தக் கூடாது என்று 1964இல் ஷ்யாம்லால் மோகன்லால் சோக்ஸி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசமைப்பின் 20(3) தரும் பாதுகாப்பு அதற்கு அடிப்படை. அதற்காக ஆவணம் போலீஸ் கைக்குப் போகவே போகாது என்று நினைக்க வேண்டாம். அதே ஆவணத்தைத் தேடுதல் வாரண்ட் மூலம் எடுக்கலாம் என்பதை 1979இன் குட்டன் பிள்ளை தீர்ப்பு தெளிவாக்கிவிட்டது.

வாட்ஸ்அப்பில் வந்தால் செல்லுமா என்று பலரும் கேட்கிறார்கள். 35ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப் போன்ற மின்னணு வழியில் அனுப்புவது செல்லாது என்று 2025இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 94ஆம் பிரிவோ மின்னணு வடிவ உத்தரவைத் தானே அனுமதிக்கிறது. ஆகவே ‘வாட்ஸ்அப்பில்தானே வந்தது’ என்று 94 நோட்டீஸை ஒதுக்கிவிடாதீர்கள்.

இரண்டாம் படி: உண்மையான நோட்டீஸா?

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடிக்காரர்களும் முத்திரை, குற்ற எண், கையெழுத்து எல்லாம் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். நோட்டீஸில் காவல் நிலையத்தின் பெயர், குற்ற எண்ணும் ஆண்டும், சட்டப் பிரிவுகள், அதிகாரியின் பெயரும் பதவியும், தேவையான ஆவணத்தின் விவரம், கொண்டுவர வேண்டிய நாள், நேரம், இடம் ஆகியவை இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அதில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைக்காதீர்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் நிலையத்தின் எண்ணை எடுத்துப் பேசுங்கள், அல்லது நேரில் போங்கள். பாலியல் குற்றம் போன்ற உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாக, எப்.ஐ.ஆரைப் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற உத்தரவு. அங்கே குற்ற எண்ணைப் போட்டுச் சரிபார்க்கலாம். ‘சரிபார்ப்புக்காக’ பணம் அனுப்பச் சொன்னால் அது போலி. உடனே 1930க்கு அழையுங்கள்.

எப்.ஐ.ஆர். இல்லாமல் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) எண் மட்டும் போட்டும் நோட்டீஸ் வருவதுண்டு. வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றம் என்றால், மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸார் புலன் விசாரணை செய்ய முடியாது (174ஆம் பிரிவு). அதே சமயம், 3 முதல் 7 ஆண்டுக்கு உட்பட்ட தண்டனை உள்ள குற்றங்களில் டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்த 173(3) இடம் தருகிறது. எனவே எடுத்த எடுப்பில் மறுக்க வேண்டாம். ‘எந்த நடவடிக்கையின் கீழ் கேட்கிறீர்கள் என்று தெரிவிக்கவும்’ என ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

காவலர் ஒருவர் வந்து வாய்மொழியாகக் கேட்டால், ‘எழுத்தில் கொடுங்கள், தயாராக எடுத்து வைக்கிறேன்’ என்று சொல்வதில் தவறில்லை. சட்டமும் எழுத்துப்பூர்வ உத்தரவைத்தான் சொல்கிறது.

மூன்றாம் படி: அன்றைக்கே பாதுகாத்து வையுங்கள்

அதிகம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான், அதிலும் சிசிடிவி விஷயத்தில். எட்டு கேமராக்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதிவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்குச் சுமார் 170 ஜி.பி. ஆகும். 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் ஆறு நாளில் நிரம்பி, பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதத் தொடங்கிவிடும். நோட்டீஸில் பத்து நாள் அவகாசம் கொடுத்திருக்கலாம். கேமராப் பதிவுகளைச் சேமிக்கும் டி.வி.ஆர். பெட்டி அதுவரை காத்திருக்காது.

எடுக்கும் முறை இது. முதலில் டி.வி.ஆர். திரையில் தெரியும் நேரத்தையும் கைப்பேசியில் தெரியும் நேரத்தையும் ஒரே சட்டகத்தில் வைத்துப் படம் எடுங்கள். டி.வி.ஆர். 9.47 காட்டும்போது உண்மையான நேரம் 9.40 என்றால் அது 7 நிமிடம் முந்தி ஓடுகிறது. இரவு 9.30 முதல் 10.00 வரையிலான பதிவைக் கேட்டிருந்தால், நீங்கள் எடுக்க வேண்டியது டி.வி.ஆர். கணக்கில் 9.37 முதல் 10.07 வரை. இதைக் கவனிக்காமல் பதிவு எடுத்துக் கொடுத்து, சம்பவமே அதில் இல்லாமல் போவது சகஜம். கடிகாரத்தை இப்போது திருத்தாதீர்கள். வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, பதிவை எடுத்து முடித்த பிறகு திருத்துங்கள்.

பதிவை டி.வி.ஆரின் சொந்த வடிவத்திலேயே புதிய பென் டிரைவில் எடுத்து, அதை இயக்கும் பிளேயரையும் சேர்த்துப் போடுங்கள். திரையைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கொடுப்பதும், வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் வேண்டாம். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும். முகமும் வண்டி எண்ணும் கலங்கும். மூலக் கோப்போடு ஒத்துப்பார்க்கவும் முடியாமல் போகும்.

மற்ற ஆவணங்களுக்கும் இதே விதிதான். தானாக அழியும்படி வைத்த மின்னஞ்சல், பழைய பதிவேடுகளைக் கழிவுக்குப் போடும் வழக்கம், ஊழியர் விலகியதும் கணினியை ஃபார்மட் செய்வது எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். சாட்சியமாகக் காட்டவிடாமல் தடுக்கும் எண்ணத்தோடு ஆவணத்தை அழித்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 241ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. வருகைப் பதிவேட்டில் விட்டுப்போன கையெழுத்தை இப்போது போடுவது, பில் புத்தகத்தில் ஒரு தேதியைத் ‘திருத்துவது’ போன்றவை அதைவிட மோசமான சிக்கலில் மாட்டிவிடும். இருப்பது இருக்கிறபடியே போகட்டும்.

நான்காம் படி: எதைக் கொடுக்க வேண்டும், எதை வேண்டாம்

உங்கள் கைவசம் அல்லது கட்டுப்பாட்டில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் 94 கேட்கிறது. ‘மார்ச் மாதம் வந்தவர்களில் சந்தேகத்துக்குரியவர்களின் பட்டியல் தயாரித்துத் தரவும்’ என்றால் அது ஆவணம் கேட்பது ஆகாது. உங்கள் கருத்தைக் கேட்பது. பதிவேட்டின் நகலைக் கொடுங்கள். விளக்கம் வேண்டுமானால் சாட்சியாக விசாரித்து வாக்குமூலம் பதிவு செய்துகொள்ளட்டும். போலீஸாரிடம் அளிக்கும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று 181ஆம் பிரிவு சொல்கிறது. நினைவில் வைத்திருங்கள்.

‘தொடர்புடைய அனைத்து ஆவணங்களும்’ என்று மொட்டையாக இருந்தால், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, யாருடையது, எந்தப் பதிவேடு என்று கேட்டு எழுதுங்கள். வழக்குக்கு வேண்டியது என்னவென்று அறிந்த அதிகாரி ஒரே நாளில் பதில் தந்துவிடுவார். லாட்ஜ் பதிவேட்டில் ஒருவருடைய பெயரைக் கேட்டால் அந்த வரி இருக்கும் பக்கம் போதும். மற்ற விருந்தினர்களின் ஆதார் நகல்கள் முழுவதையும் கட்டி அனுப்ப வேண்டியதில்லை.

சிறப்புப் பாதுகாப்பு உள்ள ஆவணங்களும் இருக்கின்றன. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான தொழில்முறைத் தகவல்களுக்குப் பாரதிய சாட்சிய அதினியத்தின் (பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 132ஆம் பிரிவு அரணாக நிற்கிறது. 2025 அக்டோபர் 31 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது: விதிவிலக்கான சூழலில், எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு மட்டுமே வழக்கறிஞருக்குச் சம்மன் அனுப்பலாம். அவருடைய டிஜிட்டல் கருவியைக் கேட்டால் அதை நீதிமன்றத்தில்தான் ஒப்படைக்க வேண்டும்.

மருத்துவர்களுக்கு அப்படி முழுமையான சிறப்புரிமை கிடையாது. சட்டபூர்வ அதிகாரம் உள்ளவர்கள் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. ஆனால் ஒருவரின் எச்.ஐ.வி. நிலை பற்றிய தகவல் வேறு வகை. அதை அவர் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் வெளியிட 2017ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. காவல் நிலைய நோட்டீஸ் மட்டும் அதற்குப் போதாது.

வங்கிகளுக்கு 1891ஆம் ஆண்டின் வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம் இருக்கிறது. மூலப் பேரேட்டைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. சான்றிட்ட நகலே சாட்சியமாகும். அஞ்சல் துறையின் வசம் உள்ள கடிதங்களை 94இன் கீழ் கேட்க முடியாது. அதற்கு 95ஆம் பிரிவு தனியே உள்ளது.

ஐந்தாம் படி: கட்டுப் போடுவது

மூல ஆவணத்தையே கேட்டிருக்கிறார்களா, நகல் போதுமா என்று பாருங்கள். குறிப்பாகச் சொல்லாவிட்டால் சான்றிட்ட நகலைக் கொடுத்து, ‘மூலம் எங்களிடம் பத்திரமாக உள்ளது, தேவைப்படும்போது காட்டுவோம்’ என்று எழுதுங்கள். மூலத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கங்களையும் விடாமல், வண்ணத்தில் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கங்களுக்கும் தொடர் எண் போட்டு, முதல் பக்கத்தில் அட்டவணை வையுங்கள்.

மின்னணு ஆவணம் என்றால் சாட்சிய அதினியத்தின் 63(4) சான்றிதழ் வேண்டும். பழைய ‘65பி சான்றிதழ்’தான் இது. இது இல்லாமல் மின்னணு நகல் சாட்சியமாக ஏற்கப்படாது என்பதை 2020இன் அர்ஜுன் பண்டித்ராவ் தீர்ப்பு உறுதி செய்தது. படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அதில் இரண்டு பகுதிகள். ‘ஏ’ பகுதியைக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் நிரப்ப வேண்டும்: என்ன கருவி, தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண், அது வழக்கமாகச் சரியாக இயங்கியதா என்பதோடு கோப்பின் ஹாஷ் மதிப்பும். ‘பி’ பகுதி நிபுணருக்கு உரியது. சிறு கடைக்காரர் நிபுணருக்கு எங்கே போவார்? ‘ஏ’ பகுதியைக் கையெழுத்திட்டுக் கொடுத்து, ‘பி’ பகுதிக்கு ஏற்பாடு செய்யுமாறு விசாரணை அதிகாரியைக் கடிதத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஹாஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு வரும் நீண்ட எண்ணெழுத்துத் தொடர். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் முழுதும் மாறிவிடும். படிவத்தில் எஸ்.எச்.ஏ. 256 முறையைக் குறிப்பதே நல்லது. விண்டோஸிலேயே அதற்கான கட்டளை இருக்கிறது. கணினி தெரிந்த யாரும் ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருவார்கள். கோப்பின் பெயரை மாற்றினாலோ பென் டிரைவில் நகலெடுத்தாலோ ஹாஷ் மாறாது. எக்செல் கோப்பைத் திறந்து ‘சேவ்’ செய்தால் மாறிவிடும். அதனால் எல்லா வேலையும் முடித்து, கடைசியாகப் பென் டிரைவில் இருக்கும் கோப்புக்கே ஹாஷ் எடுத்துப் படிவத்தில் எழுதுங்கள். அதே கோப்புகளின் இன்னொரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

ஆறாம் படி: ஒப்படைப்பு

நீங்களே போக வேண்டும் என்பதில்லை. ஆவணத்தை மட்டும் கேட்டிருந்தால் வேறொருவர் மூலம் அனுப்பினாலும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டதாகவே ஆகும் என்று 94(2) சொல்கிறது. காலையில் போய் மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் இதை அறியாதவர்கள்.

கூட ஒரு கடிதம் போகட்டும். சுருக்கமாக, இப்படி:

‘பொருள்: குற்ற எண் ___/2025, தங்கள் ___ தேதியிட்ட 94ஆம் பிரிவு நோட்டீஸ். ஐயா/அம்மா, மேற்படி நோட்டீஸில் கோரிய ஆவணங்களை இத்துடன் ஒப்படைக்கிறோம். 1. வருகைப் பதிவேடு, ___ முதல் ___ வரை, சான்றிட்ட நகல், பக்கம் 1 முதல் 14. 2. நுழைவாயில் கேமரா பதிவு, ஒரு பென் டிரைவ், கோப்புகள் 2, ஹாஷ் மதிப்பு இணைப்பில். டி.வி.ஆர். நேரம் இந்திய நேரத்தைவிட 7 நிமிடம் முந்தியுள்ளது. 3. 63(4) சான்றிதழ், ‘ஏ’ பகுதி. கோரப்பட்டவற்றில் பின்வாசல் கேமரா பதிவு எங்களிடம் இல்லை; அந்தக் கேமரா ___ தேதி முதல் இயங்கவில்லை. பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் அளிக்க வேண்டுகிறோம்.’

இரண்டு பிரதி. இரண்டாவதில் நிலைய முத்திரை, வாங்கியவரின் பெயர், பதவி, கையெழுத்து, தேதி, நேரம். ‘ஐயா வரட்டும், அப்புறம் போட்டுத் தருகிறோம்’ என்றால் காத்திருங்கள், அல்லது திரும்பி வந்து விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) பட்டுவாடாச் சான்றோடு அனுப்புங்கள். ரசீது இல்லாமல் பென் டிரைவை மேசையில் வைத்துவிட்டு வராதீர்கள். அது காணாமல் போனால் ‘நீங்கள் கொடுக்கவேயில்லை’ என்ற பதில்தான் வரும். இல்லாத ஆவணத்தை ‘இல்லை’ என்று காரணத்தோடு எழுதுவதும் ரசீது வாங்குவதைப் போலவே முக்கியம்.

அவகாசம் போதாவிட்டால், உத்தரவே தவறு என்று தோன்றினால்

கெடு முடிவதற்கு முன்பே எழுதுங்கள். தயாராக இருப்பதை முதல் தவணையாகக் கொடுத்து, மீதிக்கு எத்தனை நாள் வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்லுங்கள். பேசாமல் இருப்பதுதான் ஆபத்து. ஆவணம் தரக் கடமைப்பட்டவர் வேண்டுமென்றே தராவிட்டால் நியாய சன்ஹிதாவின் 210ஆம் பிரிவில் ஒரு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். நீதிமன்றம் கேட்டும் தராவிட்டால் ஆறு மாதம் அல்லது 10,000 ரூபாய் வரை. இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம். தண்டனையைவிடத் தொல்லை என்னவென்றால், இவர் தர மாட்டார் என்று நீதிமன்றம் நம்பினால் 96ஆம் பிரிவில் தேடுதல் வாரண்ட் வரும். 14 பக்கத்தில் முடிந்திருக்க வேண்டியது, அலுவலகம் முழுவதையும் புரட்டிப் போடுவதில் முடியும்.

வழக்குக்குச் சம்பந்தமே இல்லாத தகவலைத் துருவுகிறார்கள் என்று உண்மையிலேயே நினைத்தால், உயர் நீதிமன்றத்தில் பி.என்.எஸ்.எஸ். 528ஆம் பிரிவில் மனு செய்யலாம். குறிப்பான ஓர் ஆவணத்தை, குறிப்பான தேதிக்குக் கேட்டிருந்தால் அந்தச் செலவு வீண்.

டி.வி.ஆரையே எடுத்துக்கொண்டு போனால்

சில வழக்குகளில் நகல் போதாது என்று கருவியையே கைப்பற்றுவார்கள். தடுக்க முயல வேண்டாம். கைப்பற்றுதல் மகஜரில் (எடுத்துச் செல்லும் பொருளின் விவரம் எழுதும் ஆவணம்) தயாரிப்பு, மாடல், வரிசை எண், ஹார்ட் டிஸ்க் அளவு எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து, நகல் கேளுங்கள். ‘கருப்பு நிறப் பெட்டி 1’ என்று மட்டும் எழுதியிருந்தால் பின்னால் அது உங்களுடையதுதான் என்று நிரூபிப்பது பெரும்பாடு. தேடுதலையும் கைப்பற்றுவதையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 105ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. பதிவு செய்கிறார்களா என்று மரியாதையாகக் கேட்கலாம்.

பொருள் படிவம் 95 மூலம் நீதிமன்றத்துக்குப் போனதும், இடைக்காலப் பொறுப்பில் திரும்பப் பெற 497 அல்லது 503ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு செய்யுங்கள். கைப்பற்றிய பொருளைக் காவல் நிலையத்தில் வீணாகப் போட்டு வைக்கக் கூடாது என்ற 2002ஆம் ஆண்டின் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் தீர்ப்பை வழக்கறிஞர் எடுத்துக் காட்டுவார். வாங்கிய பில் கையில் இருந்தால் வேலை சுலபம்.

ஆவணம் வேண்டியவர் நீங்களே என்றால்

புகார்தாரராக, எதிர்க் கடையின் சிசிடிவியோ சம்பந்தப்பட்டவரின் அழைப்புப் பட்டியலோ உங்களுக்குத் தேவைப்படலாம். நீங்கள் நேரடியாகக் கேட்டுப் பெற முடியாது. ‘இன்ன இடத்தில், இன்ன கேமராவில், இன்ன நேரத்துக்கான பதிவை 94இன் கீழ் பெற வேண்டுகிறேன்’ என்று ஆய்வாளருக்கு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். கூடவே, பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி கடைக்காரரிடம் தன்மையாக ஒரு கடிதம் கொடுங்கள். அழைப்பு விவரங்களை எஸ்.பி. அந்தஸ்து அதிகாரி வழியாகத்தான் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்பார்கள். 2021 டிசம்பர் உரிமத் திருத்தத்தின்படி நிறுவனங்கள் அவற்றைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். எனவே ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் ஓட முடியாவிட்டால், முதல் மனு சிசிடிவிக்காக இருக்கட்டும்.